ஜெக்கில் தளத்தில் தேதியைத் தமிழில் காட்டுவது

ஜெக்கில் என்பது எழுத்துக் கோப்புகளிலிருந்து இணையதளம் உருவாக்கும் மென்பொருள். அதில் மாதப் பெயர் ஆங்கிலத்திலேயே வரக் காரணம், அதன் வார்ப்புரு மொழியான லிக்விட்டில் தேதியை வடிவமைக்கும் டேட் ஃபில்டர். தளத்தின் மொழியைத் தமிழ் என்று அமைத்தாலும் அது அசைந்து கொடுக்காது. இதற்கென்று செருகுநிரல்கள் உண்டு. ஆனால் தளத்தை இணையத்தில் வழங்கும் கிட்ஹப் பேஜஸ் சேவையின் வழக்கமான பில்டில் (தளத்தை உருவாக்கும் படியில்), அனுமதித்த சிலவற்றைத் தவிர மற்றவை ஓடாது. அதனால் ஃபில்டரிடம் மாதத்தின் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு பெயரை நாமே கொடுப்பது நல்லது.

டேட்டா கோப்புறையில் ஒரு யாமல் கோப்பு (தரவை எளிய வரிகளாக எழுதும் வடிவம்) உருவாக்கி, ஜனவரி முதல் டிசம்பர் வரை வரிக்கு ஒரு பெயராக, முன்னால் ஹைஃபன் இட்டு எழுதுங்கள். யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். இலங்கை வாசகர்களுக்கான தளமானால் பெப்ரவரி, ஓகஸ்ட், ஒக்டோபர் என்றே எழுதலாம். பட்டியல் நம் கையில் இருப்பதில் இது ஒரு வசதி.

அடுத்து, வேண்டிய பக்கங்களில் சேர்த்துக்கொள்ளும் துண்டான இன்க்ளூட் கோப்பு. டேட் ஃபில்டருக்குச் சதவீதக் குறியும் சிறிய எம்மும் கொடுத்தால் மாத எண் வரும். அதை மைனஸ் 1 ஃபில்டர் வழியாக அனுப்பியே பட்டியலில் தேட வேண்டும். பட்டியல் 0-இலிருந்து எண்ணப்படுகிறது என்பது ஒரு காரணம். டேட் ஃபில்டர் தருவது எண் அல்ல, எழுத்துச்சரம் என்பது இன்னொன்று. மைனஸ்தான் அதை எண்ணாக்குகிறது. இதை விட்டால் பிழைச்செய்தி எதுவும் வராது, மாதம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். நாளுக்குச் சதவீதக் குறி, ஹைஃபன், சிறிய டி; ஹைஃபன் இல்லாவிட்டால் 5 என்பது 05 ஆகும். தேதியை இன்க்ளூடுக்கு அளபுருவாக (வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்பாக) அனுப்புங்கள். உள்ளேயே பக்கத்தின் தேதியை எடுத்தால் முகப்பிலும் தொகுப்புப் பக்கத்திலும் ஒன்றும் தெரியாது.

கிழமைக்குச் சதவீதக் குறியும் சிறிய டபிள்யூவும். ஞாயிறு 0 என்பதால் பட்டியலை ஞாயிறிலிருந்து தொடங்குங்கள். இங்கே 0-ஐக் கூட்டினால் போதும், எழுத்துச்சரம் எண்ணாகிவிடும்.

தமிழாக்கம் கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு நிற்கட்டும். டைம் குறிச்சொல்லின் டேட்டைம் பண்பிலும் ஊட்டத்திலும் (ஃபீட்) எந்திரம் படிக்கும் வடிவமே இருக்க வேண்டும்.

தேதி ஒரு நாள் தள்ளித் தெரிந்தால் நேர மண்டலத்தைப் பாருங்கள். இந்திய நேரம் ஆகஸ்ட் 15 அதிகாலை 2 மணிக்கு இட்ட பதிவு, யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இயங்கும் சர்வரில் ஆகஸ்ட் 14 ஆகிவிடும். முகவரியில் தேதி இருந்தால் அதுவும் மாறி, பழைய இணைப்புகள் உடையும். தளத்தின் அமைப்புகள் உள்ள கன்ஃபிக் கோப்பில் டைம்சோனை ஆசியா/கொல்கத்தா அல்லது ஆசியா/கொழும்பு என்று குறியுங்கள். பதிவில் நேரம் எழுதினால் +0530 சேர்த்தே எழுதுங்கள். சேர்க்காவிட்டால் அது யூடிசியாகக் கொள்ளப்பட்டு, மாலை 7 மணிப் பதிவு மறுநாளுக்குப் போய்விடும். கன்ஃபிக்கை மாற்றியபின் ஜெக்கில் சர்வரை நிறுத்தி மறுபடி தொடங்குங்கள், அந்தக் கோப்பை மட்டும் அது தானாகத் திரும்பப் படிக்காது.