கிளாசிக் 350-இன் எடையைக் குறைப்பது எப்படி? முதலில் தராசு, அப்புறம் ஸ்பேனர்

2021-இல் வந்த புதிய இன்ஜின் கொண்ட ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இன் எடை 195 கிலோ. ஆயிலும் முக்கால் டேங்குக்கு மேல் பெட்ரோலும் சேர்த்த கணக்கு இது. வாங்கிய கையோடு லெக் கார்டு, பக்கத்துக்கு ஒரு பை மாட்டும் கம்பி, பின்னால் கேரியர் என்று நாமே இன்னும் பத்துப் பதினைந்து கிலோ ஏற்றிவிடுகிறோம். அப்புறம் "வண்டி கனமாக இருக்கிறது, சைலன்சரை மாற்றலாமா?" என்று கேட்கிறோம். என்னிடம் இப்படிக் கேட்கிறவர்களிடம் முதலில் நான் சொல்வது இதுதான்: பணம் கொடுத்து எதையும் வாங்காதீர்கள், முதலில் எடை போடுங்கள்.

எவ்வளவு பலன் கிடைக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. வண்டி 195, ஓட்டுபவர் 75, மொத்தம் 270 கிலோ. பத்து கிலோ குறைத்தால் நான்கு சதவீதம்கூட இல்லை. அதனால் வேகம் பெரிதாகக் கூடாது. ஆனால் சரிவில் நிறுத்திய வண்டியைப் பின்னுக்கு இழுக்கும்போதும், நெருக்கமான பார்க்கிங்கில் திருப்பும்போதும், குண்டும் குழியுமான ரோட்டில் போகும்போதும் வித்தியாசம் கைக்கு நன்றாகவே தெரியும். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

படி 1: கழுவி, எடை போடுங்கள்

மழைக்காலம் முடிந்ததும் மட்கார்டின் அடியில் கையை விட்டுப் பாருங்கள். காய்ந்த சேறு பாளம் பாளமாக வரும். அதைச் சுரண்டிக் கழுவிவிட்டு எடை பார்ப்பதுதான் சரியான தொடக்கம்.

லாரி எடை மேடைக்குப் போக வேண்டாம். அது ஐந்து, பத்து கிலோ கணக்கில்தான் காட்டும். வீட்டில் ஆள் ஏறி நிற்கிற டிஜிட்டல் எடை மெஷின் போதும். முன் சக்கரத்தை மெஷின்மேல் ஏற்றி, பின் சக்கரத்தின் அடியில் அதே உயரத்துக்கு ஒரு பலகை வையுங்கள். ஒருவர் வண்டியை நேராகப் பிடிக்க, இன்னொருவர் எண்ணைப் பார்க்க வேண்டும். பிறகு பின் சக்கரத்துக்கும் அதேபோல் செய்து இரண்டையும் கூட்டுங்கள். டேங்கில் பெட்ரோல் எவ்வளவு இருந்தது என்பதையும் குறித்து வையுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் கிட்டத்தட்ட முக்கால் கிலோ. 13 லிட்டர் டேங்க் நிறைந்தால் அதுவே பத்து கிலோவை நெருங்கிவிடும்.

கழற்றுகிற பாகங்களுக்கு, பை தூக்கி எடை பார்க்கிற கொக்கித் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் தொங்கவிட்டு, எடையை ஒரு தாளில் எழுதி அதிலேயே கட்டிவிடுங்கள். அதன் போல்ட், நட், வாஷரைத் தனிக் கவரில் போடுங்கள். கழற்றுவதற்கு முன் போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: நீங்கள் ஏற்றியதை இறக்குங்கள்

கேரியர், பை மாட்டும் கம்பி, இரும்பில் செய்த அலங்காரப் பொருட்கள், அவசரத்துக்கு என்று சைடு பாக்ஸில் போட்ட ஸ்பேனர் குவியல் எல்லாவற்றையும் எடுங்கள். கிளாசிக்கில் பின் சீட்டைத் தனியாகக் கழற்றலாம். தினமும் ஒற்றை ஆளாகப் போகிறவர் அதையும் இறக்கி வைக்கலாம்.

லெக் கார்டில் கொஞ்சம் நிதானம் வேண்டும். என்னுடையது, அளவில் பெரிய மாடல், ஐந்து கிலோவைத் தாண்டியது. ஆனால் சில லெக் கார்டுகளை இன்ஜினைத் தாங்குகிற போல்ட்டோடு சேர்த்தே மாட்டியிருப்பார்கள். அதற்காக நீளமான போல்ட் போட்டிருப்பார்கள். கார்டை மட்டும் எடுத்துவிட்டு அதே போல்ட்டைத் திருப்பி மாட்டினால், மரை முடிகிற இடத்தில் நட் போய் நின்றுவிடும். கைக்கு இறுகியது போலத்தான் இருக்கும், உள்ளே பிடிப்பு இருக்காது. நான் அப்படித்தான் மாட்டினேன். நாற்பது கிலோமீட்டருக்குள் கால் வைக்கிற இடத்தில் புதிதாக ஒரு அதிர்வு தொடங்கியது. குனிந்து பார்த்தால் வாஷர் விரலால் சுற்றுகிற அளவுக்குத் தளர்ந்து கிடக்கிறது. வண்டியோடு வந்த அசல் அளவு போல்ட்டை வாங்கிப் போட்டு, சர்வீஸ் மேனுவலில் சொன்ன இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முறுக்குகிற ஸ்பேனர்) முறுக்குங்கள்.

படி 3: சென்டர் ஸ்டாண்ட்

கழற்றினால் எடை நன்றாகக் குறையும். ஆனால் கம்பி வீல், டியூப் டயர் உள்ள கிளாசிக் என்றால் இதைத் தொடாதீர்கள் என்பேன். ஊருக்கு வெளியே பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்ற அந்த ஸ்டாண்ட் தேவை. டியூப்லெஸ் டயர் உள்ள அலாய் வீல் வண்டியென்றால் தாராளமாக எடுக்கலாம். செயினுக்கு ஆயில் போட மட்டும் வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

இதில் சிரமமே ஸ்பிரிங்தான். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் முகத்துக்கு நேராகத் தெறிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினால் ஸ்பிரிங் இழுபட்டு, சுருளுக்குச் சுருள் இடைவெளி தெரியும். அந்த இடைவெளிகளில் வாஷரையோ நாணயத்தையோ ஒவ்வொன்றாகச் செருகுங்கள். பிறகு வண்டியைத் தள்ளி இறக்கி சைடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வாஷர்கள் சுருங்க விடாததால் ஸ்பிரிங் தளர்ந்து தொங்கும், கையாலேயே கொக்கியிலிருந்து எடுத்துவிடலாம். அதன்பின் ஸ்டாண்டை வண்டியோடு பிடித்திருக்கும் பின்னைத் தட்டி எடுப்பது சுலபம்.

படி 4: பேட்டரி

மாற்றிப் போடுகிற பாகங்களில் புதியவர்களுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான். கம்பெனி பேட்டரி 12 வோல்ட், 8 ஆம்பியர் மணி, ஈயம் நிறைந்தது. அதற்கு ஈடான லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி அதில் பாதிகூட எடை இருக்காது.

வாங்குவதற்கு முன் வண்டியின் சார்ஜிங் வோல்டேஜைப் பாருங்கள். இன்ஜினைக் கொஞ்சம் ரேஸ் செய்து, பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்தால் 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். 14.6-ஐத் தாண்டினால் முதலில் அந்த வோல்டேஜைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டரைச் சரிசெய்யுங்கள், லித்தியம் அதைத் தாங்காது. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது பிளஸ் முதலில். புது பேட்டரி அளவில் சிறியதாக இருந்தால் சுற்றிலும் ஃபோம் வைத்து ஆடாமல் இறுக்குங்கள். பழைய ஈய பேட்டரி சார்ஜரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

இன்னொன்று. இந்த கிளாசிக்கில் கிக்கர் கிடையாது. ஊட்டி, கொடைக்கானல் குளிரில் காலையில் லித்தியம் பேட்டரி முதல் தடவை சோர்ந்துபோய்ச் சுற்றும். உடனே திரும்பத் திரும்ப ஸ்டார்ட்டரை அழுத்தாதீர்கள். சாவியைப் போட்டு ஒரு நிமிடம் விளக்குகளை எரியவிட்டால் பேட்டரி உள்ளே சூடாகி உயிர் பெறும்.

தொடக் கூடாதவை

சாரி கார்டு, பின் சீட் கைப்பிடி, புட்ரெஸ்ட். மத்திய மோட்டார் வாகன விதி 123 இவற்றைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பின் சக்கரத்தின் பாதியாவது மூடியிருக்க வேண்டும். விதிக்காகச் சொல்லவில்லை. சேலையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்பது நமக்கெல்லாம் தெரியும். பின் சீட்டைக் கழற்றினாலும் இவை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பின்னால் பார்க்கிற கண்ணாடிகளையும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ்ஸையும் தொட வேண்டாம்.

சைலன்சரும் இந்தப் பட்டியலில்தான். அது கனமானது, உண்மை. ஆனால் பிஎஸ் 6 (அரசின் புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) வண்டியில் புகை போகும் வழியில், புகையின் நச்சைக் குறைக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் ஆக்சிஜன் சென்சாரும் இருக்கின்றன. அதை எடுத்துவிட்டு வெற்றுக் குழாய் மாட்டினால் சத்தத்துக்கும் புகைக்கும் அபராதம் வரும், இன்ஜின் ஓட்டமும் கெடலாம். ஃப்ரேமை வெட்டச் சொல்லி யார் யோசனை சொன்னாலும் கேட்காதீர்கள்.

சக்கரத்தில் குறைகிற எடைக்குத்தான் மதிப்பு அதிகம். ரிம், டயர் ஓரத்தில் இருக்கும் ஒரு கிலோவை முன்னால் தள்ளவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும், அதனால் வேகமெடுக்கும்போது இன்ஜினுக்கு அது இரண்டு கிலோ போல. பள்ளத்தில் விழுந்து எழும்போதும் சக்கரம் லேசாக இருந்தால் சஸ்பென்ஷன் அதைச் சீக்கிரம் அடக்கும். ஆனால் அலாய் என்றாலே லேசு என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். கம்பி வீலைவிடக் கனமான வார்ப்பு அலாய்களும் இருக்கின்றன. கடையில் தராசில் தொங்கவிட்டுப் பார்த்து வாங்குங்கள். கம்பி கட்டுகிற வேலையை அனுபவசாலியிடம் விடுங்கள். முதல் முயற்சியில் இது வேண்டாம்.

படி 5: முடித்த பின்

திரும்பவும் அதே மெஷினில், அதே அளவு பெட்ரோலோடு எடை போடுங்கள். பின் ஷாக்கில் ஆறு நிலை இருக்கிறது. கேரியரும் பெட்டியும் சுமக்க ஏற்றி வைத்திருந்தால் ஒரு நிலை இறக்கி ஓட்டிப் பாருங்கள். இருபது கிலோமீட்டர் போய்வந்து, கை வைத்த ஒவ்வொரு போல்ட்டையும் மறுபடி சரிபாருங்கள்.

கழற்றிய பாகங்களைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். துருப்பிடிக்காமல் லேசாக ஆயில் தடவி, எடை எழுதிய தாளோடு சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றுங்கள். வண்டியை விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அசல் பாகங்களைத்தான்.