பாதியில் மங்காத வால்யூம் பெடல்: இரண்டு பஃபர்கள் சேர்க்கும் முறை

வீட்டில் செய்த வால்யூம் பெடலை முழுதாக அழுத்தும்போது தெளிவாக ஒலிக்கும் கிட்டார், பாதி தூக்கியதும் கம்பளிக்குள் இருந்து வருவதுபோல மங்கினால், குறை பெரும்பாலும் பெடலுக்குப் பின்னால் நீளும் கேபிளில்தான் இருக்கிறது. கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோ ஃபாரட் மின்தேக்கம் உண்டு. பெடலுக்குள் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் 250 கிலோ ஓம் பாட் (பொட்டென்ஷியோமீட்டர் என்ற மாறுதடை) நடுவில் நிற்கையில் அதன் வெளியீட்டுத் தடை 62 கிலோ ஓம் வரை உயர்வதால், 6 மீட்டர் கேபிளோடு சேர்ந்து ஏறத்தாழ 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி தேய்ந்துவிடுகிறது. இந்தப் பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பஃபர் (ஒலியளவை மாற்றாமல் வெளியீட்டுத் தடையை மட்டும் தாழ்த்தும் சிறு சர்க்யூட்) வைத்தால் இது தீரும். பழைய பாட்டை மாற்றவும் வேண்டாம்.

இரண்டு பஃபருக்கும் டிஎல்072 (TL072) என்ற எட்டுக்கால் ஐசி ஒன்றே போதும். கோத்தகிரி, குன்னூர்க்காரர்கள் கோவைக்கு இறங்கும் நாளில் உதிரிகளை மொத்தமாக வாங்கிக்கொள்வது நல்லது. ஐசிக்குச் சாக்கெட்டும் மறவாதீர்கள்.

முதலில் மின்வழியை அமையுங்கள். 9 வோல்ட் நேர்முனையை 1என்5817 டயோடு வழியாக, கோடு போட்ட முனை ஐசியை நோக்கியிருக்கும்படி, 8ஆம் காலுக்கும், எதிர்முனையை 4ஆம் காலுக்கும் கொடுங்கள்; இந்த எதிர்முனைதான் கிரவுண்ட். அவ்விரண்டு கால்களுக்கும் இடையே இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக இணைத்தால், அவை சந்திக்கும் புள்ளியில் பாதி வோல்டேஜ் கிடைக்கும். அந்தப் புள்ளியிலிருந்து கிரவுண்டுக்கு 47 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டர் ஒன்றை வையுங்கள்.

அடுத்து, 1ஆம் காலை 2ஆம் காலோடும், 7ஆம் காலை 6ஆம் காலோடும் சேருங்கள். 3, 5ஆம் கால்கள் ஒவ்வொன்றிலிருந்தும் பாதி வோல்டேஜ் புள்ளிக்கு 1 மெகா ஓம் ரெசிஸ்டர் செல்ல வேண்டும். கிட்டார் சிக்னல் 0.1 மைக்ரோ ஃபாரட் வழியாக 3ஆம் காலுக்குள் வந்து, 1ஆம் காலிலிருந்து 1 மைக்ரோ ஃபாரட் வழியாகப் பாட்டின் மேல்முனையை அடைகிறது. பாட்டின் கீழ்முனை கிரவுண்டில் இருக்கும். நடுக்காலிலிருந்து மற்றொரு 0.1 மைக்ரோ ஃபாரட் 5ஆம் காலுக்கும், 7ஆம் காலிலிருந்து 1 மைக்ரோ ஃபாரட்டும் 100 ஓமும் தொடராக வெளியீட்டு ஜாக்குக்கும் செல்லும். ஜாக்கில் கிரவுண்டுக்கு 100 கிலோ ஓம் வைத்தால் கேபிளைச் செருகும்போது ‘டப்’ சத்தம் குறையும். பாட்டின் இருபுறக் கப்பாசிட்டர்களையும் விட்டுவிட்டால் நேர்மின்னோட்டம் பாட்டுக்குள் புகுந்து, மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கரகரக்கும்.

சோதிக்கும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கிரவுண்டிலும், மறுமுனையை 1, 7ஆம் கால்களில் ஒவ்வொன்றாகவும் வையுங்கள். இரண்டிலும் பாதி வோல்டேஜ் காட்ட வேண்டும். 3ஆம் காலில் நேரடியாக அளந்தால், மீட்டரின் சுமையே 1 மெகா ஓம் ரெசிஸ்டர் வழியாக வோல்டேஜைத் தாழ்த்திப் பொய்க்கணக்குக் காட்டும்.

மலையில் இதோடு வேலை முடிவதில்லை. பனிமூட்டம் மாதக்கணக்கில் நீடிக்கும் ஊர்களில், சால்டர் செய்தபின் போர்டில் ஒட்டியிருக்கும் ஃபிளக்ஸ் பசை ஈரத்தை இழுத்து, 3, 5ஆம் கால்களைச் சுற்றி மின்கசிவை உண்டாக்கக்கூடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கியும் கொண்டு சால்டர் பக்கத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவி, முழுதும் உலர்ந்தபின் நிறமற்ற வார்னிஷ் ஒரு பூச்சு கொடுங்கள்; பாட்டின் மீது மட்டும் அது படக் கூடாது.

இந்தச் சர்க்யூட் 3 மில்லி ஆம்பியர் அளவே இழுப்பதால், மழைக்காலத்தில் கரண்ட் போனாலும் ஒரு 9 வோல்ட் பேட்டரி நெடுநாள் தாங்கும். ஃபஸ் ஃபேஸ் போன்ற பழைய வகை ஃபஸ் பெடல் (ஒலியை வேண்டுமென்றே சிதைத்துத் தரும் பெடல்) வைத்திருப்போர் அதைக் கிட்டாருக்கு அடுத்தும், இந்தப் பெடலை அதற்குப் பின்னும் வைக்க வேண்டும், ஏனெனில் அத்தகைய ஃபஸ் பஃபருக்குப் பின்னால் கரடுமுரடாக ஒலிக்கும்.