அமெரிக்க நாளிதழ்களின் இனவழி முன்னுரிமை விவாதம்: ஆராய வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழகங்கள் மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்வதை 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தடுத்தது. அதன்பின், ஒதுக்கப்பட்டுவந்த பிரிவினருக்குக் கல்வியிலும் வேலையிலும் முன்னுரிமை தரும் ‘அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷன்’ விவாதத்தில் அந்நாட்டு நாளிதழ்களின் பங்கை ஆராய வரும் மாணவர்கள், முன்பு இதை ஆராய்ந்த நாங்கள் செய்த பிழைகளையே மீண்டும் செய்கிறார்கள். தேதி, பெயர்ப் பிழைகளை அவர்களே திருத்திக்கொள்வார்கள். கீழே உள்ளவை அப்படிப்பட்டவை அல்ல.

தலையங்கங்களை மட்டும் எண்ணுவது

ஆதரவு இத்தனை, எதிர்ப்பு இத்தனை என்று அட்டவணை போட்டு வேலையை முடித்துவிடுவது இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. பல மாத உழைப்பு அதில் வீணாகிறது. அண்மையில் அத்தகைய அட்டவணையோடு வந்த மாணவி ஒருவரின் கோப்பில், 1978ஆம் ஆண்டின் பாக்கி வழக்கைப் பற்றிய முதல் பக்கச் செய்தி ஒன்றுகூட இல்லை.

விவாதத்தின் எல்லையை வகுப்பது பெரும்பாலும் செய்திப் பக்கம்தான். கலிபோர்னியாவின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16 இடங்களைச் சிறுபான்மையினருக்கென ஒதுக்கியிருந்தது. அங்கே இருமுறை இடம் மறுக்கப்பட்டு, அந்த ஒதுக்கீட்டை எதிர்த்து வழக்குத் தொடுத்த வெள்ளையரான ஆலன் பாக்கிக்குப் பெயரும், பொறியாளர் பணியும், முன்னாள் படைவீரர் என்ற அடையாளமும் இருந்தன; அந்த 16 இடங்களில் சேர்ந்தவர்களோ பொதுவெளியில் வெறும் எண்ணாகவே நின்றார்கள். பாக்கியை வேறு மருத்துவக் கல்லூரிகளும் மறுத்திருந்தன என்ற விவரம் செய்தியின் எத்தனையாவது பத்தியில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஹார்வர்டு வழக்கிலும் இதையே செய்யுங்கள். அங்கே சேர்க்கப்பட்ட வெள்ளையின மாணவர்களில் 43 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் விளையாட்டு வீரர்கள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள், ஆசிரியர்களின் பிள்ளைகள், நன்கொடையாளர் தொடர்புள்ளோர் போன்ற பிரிவுகளைச் சேர்ந்தவர்கள் என்பதை, இனத்தைக் கணக்கில் கொள்வதை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களின் பொருளியல் நிபுணரே பங்கேற்ற 2019ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. இத்தகைய தகவலுக்கு எந்தப் பக்கம் கிடைத்தது என்பது, பத்துத் தலையங்கங்களைவிட அதிகம் சொல்லும்.

கேள்வியைப் படிக்காமல் விழுக்காட்டை எடுப்பது

கலிபோர்னியாவின் 1996ஆம் ஆண்டு வாக்கெடுப்பு வாசகத்தில் ‘அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷன்’ என்ற தொடரே இல்லை. ‘முன்னுரிமை’க்குத் தடை என்றிருந்தது, ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் ஆதரித்தனர். மறு ஆண்டு ஹூஸ்டனில், அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷனை முடித்துவிடலாமா என்று நேரடியாகக் கேட்டபோது, ஏறத்தாழ அதே விழுக்காட்டினர் முடிக்க வேண்டாம் என்றனர்.

கோட்டா இன்னும் இருந்ததாக எழுதுவது

பல்கலைக்கழகச் சேர்க்கையில் அது 1978இலேயே, பாக்கி வழக்கின் தீர்ப்பால், செல்லாமல் போயிற்று.

தீர்ப்பு நாளோடு நிறுத்திவிடுவது

2024இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) புதிதாகச் சேர்ந்தோரில் கறுப்பின மாணவர்களின் பங்கு, முந்தைய ஆண்டுகளின் 13 விழுக்காட்டிலிருந்து 5 ஆகச் சரிந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் 14 ஆகவே நீடித்தது. இரண்டையும் ஒரே செய்தியில் தந்த நாளிதழ் எது, ஒன்றை மட்டும் தலைப்பாக்கியது எது என்று பிரித்துப் பாருங்கள்.