இன்டர்வியூவுக்குப் படிக்கும் முன் வீட்டு பம்ப்செட்டைப் பாருங்கள்

மூன்றாவது முறைதான் எனக்கு வேலை கிடைத்தது. முதல் இரண்டு முறையும் எழுத்துத் தேர்வைத் தாண்டி, டெக்னிக்கல் இன்டர்வியூ வரை போய், அங்கேயே நின்றுவிட்டேன். இப்போது பெரிய இன்ஜினியரிங் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். பாபநாசம், வலங்கைமான், திருவையாறு பக்கமிருந்து தம்பி தங்கைகள் போன் செய்து "அக்கா, என்ன படிக்கணும்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம் பேசுவதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் மெக்கானிக்கல். மற்ற பிரிவுக்காரர்கள் உதாரணத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

ஆப்டிட்யூட் தேர்வைப் பற்றி எழுதப் போவதில்லை. தினமும் ஒரு மணி நேரம் கணக்குப் போட்டால் வந்துவிடும். நம் பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுவது அதற்கு அடுத்த அறையில்தான்.

படி 1: ரெஸ்யூமேயைக் குறையுங்கள்

ஒரு பக்கம் போதும். கூகுள் டாக்ஸில் வெள்ளைத் தாளில் கருப்பு எழுத்தாக அடித்து பி.டி.எஃப். ஆக மாற்றுங்கள். கலர் கட்டம் போட்ட டெம்ப்ளேட் வேண்டவே வேண்டாம். கருப்பு வெள்ளைப் பிரிண்டில் அந்தக் கட்டம் இருட்டாகி எழுத்து மறைந்துவிடும்.

என் முதல் ரெஸ்யூமேயில் சாலிட்வொர்க்ஸ், ஆன்சிஸ், மேட்லேப் என்று சாஃப்ட்வேர் பெயர்களை வரிசையாக எழுதியிருந்தேன். எதிரில் இருந்த பெரியவர் ஆன்சிஸ் மேல் பேனாவை வைத்து, "மெஷ் சைஸை எப்படி முடிவு பண்ணீங்க?" என்றார். லேப் மேனுவலில் இருந்ததைப் போட்டேன் என்பதுதான் உண்மை. மெஷ்ஷை, அதாவது கணக்குக்காகப் பொருளைப் பிரிக்கும் சின்னக் கட்டங்களை, இன்னும் சிறிதாக்கிப் பார்த்து, விடை மாறாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அதனால் ஒவ்வொரு வரியையும் எடுத்து, அதன் மேல் "ஏன்?" என்று ஐந்து முறை கேளுங்கள். மூன்றாவது "ஏன்" வருவதற்குள் பதில் நின்றுவிட்டால், படித்துச் சரி செய்யுங்கள், இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

படி 2: உங்களுடைய மெஷின் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

என்னைக் கவிழ்த்த இடம் இதுதான். அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டாவது இன்டர்வியூ. உள்ளே போனதும் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தார்கள்.

"வீட்ல என்ன பண்றாங்க?"

"விவசாயம் சார்."

"பம்ப்செட் இருக்கா?"

"இருக்கு சார். 5 எச்.பி., சென்ட்ரிஃபியூகல்."

"ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஏன் தண்ணி ஊத்துறாங்க?"

"பிரைமிங் சார்."

"அது பேரு. நான் ஏன்னு கேட்டேன்."

"உள்ளே காத்து இருந்தா தண்ணி எடுக்காது சார்."

"ஏன் எடுக்காது?"

எனக்கு வாய் வரவில்லை. சின்ன வயதிலிருந்து அந்த மோட்டார் கொட்டகையில் நின்றிருக்கிறேன். "சாணியைக் கரைச்சு எடுத்துட்டு வாம்மா" என்று அப்பா சொன்னால் குடத்தோடு ஓடியிருக்கிறேன். சென்ட்ரிஃபியூகல் பம்ப் பாடத்தில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் கொட்டகையில் பார்த்ததையும் புத்தகத்தில் படித்ததையும் நான் ஒரு நாளும் சேர்த்து யோசித்ததில்லை. அவர்கள் சோதிப்பது அந்தச் சேர்க்கையைத்தான்.

சரி, பதிலைப் பார்ப்போம். பம்புக்குள் இருக்கும் சக்கரம், அதாவது இம்பெல்லர், சுற்றும்போது எந்தப் பொருள் உள்ளே இருக்கிறதோ அதை வெளியே வீசுகிறது. அதனால் கிடைக்கும் உயரம், அதாவது ஹெட், உள்ளே எது இருந்தாலும் மீட்டரில் ஒன்றுதான். ஆனால் அந்த மீட்டர், உள்ளே இருக்கும் பொருளின் மீட்டர். 20 மீட்டர் ஹெட் தரும் பம்புக்குள் தண்ணீர் இருந்தால் 20 மீட்டர் தண்ணீர் அழுத்தம் கிடைக்கும். காற்று இருந்தால் 20 மீட்டர் காற்றின் அழுத்தம்தான் கிடைக்கும். ஒரு கன மீட்டர் தண்ணீர் 1000 கிலோ, காற்று சுமார் 1.2 கிலோ. கணக்குப் போட்டால் அது வெறும் 2.4 சென்டிமீட்டர் தண்ணீருக்குச் சமம். கீழே பல அடி ஆழத்தில் இருக்கும் தண்ணீரை அது எப்படி ஏற்றும்? இந்த ஒரு எண்ணைச் சொல்லியிருந்தால் அன்றைக்கு என் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும்.

அடுத்த "ஏன்"கள் இதிலிருந்தே கிளம்பும். சாணி எதற்கு? உறிஞ்சும் குழாயில் இருக்கும் வால்வு சரியாக மூடாமல் ஊற்றிய தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும்போது, சாணியில் இருக்கும் நார் அந்தச் சின்ன இடுக்கை அடைக்கிறது. அதை "வழக்கம் சார்" என்று சொல்லிவிடாதீர்கள். அது ஒரு சீலிங் முறை.

பம்பைத் தரையில் வைக்காமல் குழி வெட்டி ஏன் இறக்கி வைத்திருக்கிறார்கள்? பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை. வெளியே இருக்கும் காற்றழுத்தம்தான் அதை மேலே தள்ளுகிறது. அந்த அழுத்தம் அதிகபட்சம் 10.3 மீட்டர் தண்ணீரைத்தான் தாங்கும். குழாய் உராய்வு, தண்ணீரின் ஆவி அழுத்தம் எல்லாம் கழித்தால் நடைமுறையில் 6, 7 மீட்டர்தான். நிலத்தடி நீர் இறங்க இறங்க, பம்பும் அதன் பின்னால் குழிக்குள் இறங்கியது. அதற்கும் கீழே போனதும் சப்மெர்சிபிள் வந்தது. அது தண்ணீருக்குள்ளேயே இருந்து மேலே தள்ளுவதால் இந்த எல்லை அதற்கு இல்லை. நம் ஊரில் ஃபில்டர் பாயிண்ட் என்னும் ஆழம் குறைந்த குழாய்க் கிணற்றிலிருந்து சப்மெர்சிபிளுக்கு மாறிய கதை முழுவதும் ஒரு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பாடம்தான். தாத்தா காலத்துக் குழி உங்கள் வயலில் இன்னும் இருந்தால், ஒரு முறை அதில் இறங்கி டேப் வைத்து அளந்து பாருங்கள்.

மூன்றாவது இன்டர்வியூவில் "பிடித்த பாடம் எது?" என்று கேட்டதும் நானே பம்பை எடுத்தேன். இருபது நிமிடம் அதிலேயே ஓடியது. கடைசியில் ஒருவர், "உங்க பம்ப் ஒரு வயல்ல தண்ணி கட்ட எவ்வளவு நேரம் ஆகும்? கணக்குப் போட்டுக் காட்டுங்க" என்றார். இந்த முறை தயாராகப் போயிருந்தேன்.

5 எச்.பி. என்றால் 3.73 கிலோவாட். மொத்த ஹெட் 20 மீட்டர், பம்பின் திறன் 50 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். பாதி ஆற்றலைப் புவியீர்ப்பு 9.81 ஆலும் ஹெட் 20 ஆலும் வகுத்தால் நொடிக்கு சுமார் 9.5 லிட்டர், மணிக்கு 34 கன மீட்டர் கிடைக்கும். ஒரு மா நிலம் 33 சென்ட், அதாவது ஏறக்குறைய 1335 சதுர மீட்டர். 5 சென்டிமீட்டர் தண்ணீர் நிறுத்த 67 கன மீட்டர் வேண்டும். ஆக, இரண்டு மணி நேரம்.

"ஆனா அப்பா ரெண்டரை மணி நேரம் ஓட்டுவாங்க சார். வாய்க்கால்ல கசியும், வயலும் கொஞ்சம் உறிஞ்சும்" என்றேன். மா என்றால் என்ன என்று கேட்டார்கள். இருபது மா ஒரு வேலி என்று சொன்னேன். அந்த அறையில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கணக்கு ஒன்று, வயலில் நடப்பது ஒன்று, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்துக்குக் காரணம் ஒன்று. இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லப் பழகுங்கள்.

எலக்ட்ரிக்கல் படித்தவர்களுக்கும் இதே கொட்டகைதான். ஒரு ஃபேஸ் போனால் மோட்டார் ஏன் புகைகிறது? லோடு குறையவில்லை, அதனால் மீதி இரண்டு ஃபேஸ்களில் கரன்ட் ஏறுகிறது, மோட்டாரின் கம்பிச் சுருள் சூடாகிறது. மெயின் ஆஃப் செய்திருப்பதை உறுதி செய்துகொண்டு, ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து, கரன்ட் அதிகமானால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

சிவில்காரர்களுக்குக் கல்லணையே இருக்கிறது. "கரிகாலன் கட்டினார், இரண்டாயிரம் ஆண்டு பழமை" என்பதோடு நிறுத்தாதீர்கள். ஆற்று மணலில் பெரிய கற்களைப் போட்டு, அவை புதைந்து நிலைக்க நிலைக்க மேலே அடுக்கியிருக்கிறார்கள். பாறை இல்லாத மணல் படுகையில் அடித்தளம் போடுவது எப்படி என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் அங்கே கற்றுக்கொண்டார். 1836-ல் அவர் கட்டிய முக்கொம்பு மேலணையில் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் 9 மதகுகள் உடைந்து போயின. மதகுக்குக் கீழே மண் அரிப்பு எப்படி நடக்கிறது, அதைத் தடுக்க என்ன செய்வார்கள் என்று படித்துவிட்டுப் போங்கள்.

படி 3: முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள்

இங்கே எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஆங்கிலத்தில் பதிலை மனப்பாடம் செய்வது கெடுதல். குறுக்கே ஒரு கேள்வி வந்தாலே மொத்தமும் கலைந்துவிடும். முதலில் அம்மாவிடமோ தம்பியிடமோ தமிழில் விளக்குங்கள். அவர்களுக்குப் புரிந்துவிட்டால் உங்களுக்கும் புரிந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் போனில் ரெக்கார்ட் செய்யுங்கள். கண்ணாடி முன் பேசாதீர்கள். அங்கே முகத்தைத்தான் பார்ப்போம், பேச்சைக் கேட்க மாட்டோம். ரெக்கார்டைக் கேட்டால் எங்கே "அது வந்து" என்று இழுக்கிறோம் என்று தெரியும். நான் பதினோரு முறை ரெக்கார்ட் செய்தேன்.

வார்த்தை கிடைக்காவிட்டால் வரையுங்கள். நாலைந்து ஏ4 தாளும் பென்சிலும் ஃபைலில் இருக்கட்டும். "வரைஞ்சு காட்டலாமா சார்?" என்று நான் கேட்டபோது மறுத்தவர் யாரும் இல்லை.

படி 4: ஊரிலிருந்து கிளம்புவது

இன்டர்வியூ சென்னையில் என்றால் உழவன் எக்ஸ்பிரஸிலோ மன்னையிலோ ராத்திரி ஏறி, விடிகாலையில் எழும்பூரில் இறங்கி, நேராக அங்கே போய்விடலாம் என்று தோன்றும். முடிந்தால் ஒரு நாள் முன்பே போங்கள். முதல் முறை நான் தூக்கமில்லாமல் போய், மதியம் மூன்று மணி வரை வெளியே காத்திருந்து, உள்ளே நுழையும்போது தலை சுற்றியது. சாப்பிடாமல் இருக்காதீர்கள். கடைசி ஆளாகக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தே போங்கள்.

ஆன்லைன் இன்டர்வியூ என்றால் வயலோரத்து வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ உறவினர் வீடு இருந்தால் அங்கே போய்விடுங்கள். லேப்டாப் நெட் போனால் எடுக்க இன்னொரு சிம்மோடு போன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

படி 5: எச்.ஆர். அறை

"எந்த ஊரில் போட்டாலும் போவீங்களா?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். பெண் பிள்ளைகளிடம் சைட் வேலை பற்றி இன்னும் அழுத்திக் கேட்பார்கள். "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று அங்கே சொல்ல நேரக்கூடாது. கேட்க வேண்டியதைக் கிளம்பும் முன்பே வீட்டில் கேட்டுவிடுங்கள். நான் அப்பா அம்மாவோடு உட்கார்ந்து, குஜராத் என்றால் சரியா, ஒடிசா என்றால் சரியா என்று பேசி முடித்துவிட்டுத்தான் மூன்றாவது முறை போனேன். வேலையில் சேர்ந்தால் எத்தனை வருட ஒப்பந்தம், நடுவில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் தயங்காமல் கேளுங்கள். கேட்டதற்காக யாரும் உங்களை நிராகரிக்க மாட்டார்கள்.

பிற்சேர்க்கை 1

மயிலாடுதுறையிலிருந்து ஒரு தங்கை, "எங்களுக்கு நிலமே இல்லை அக்கா, அப்பா ரைஸ் மில்லில் வேலை பார்க்கிறார்" என்று எழுதியிருந்தார். தங்கச்சி, உங்களுக்கு பம்பைவிட நல்ல மெஷின் இருக்கிறது. நெல் அவிக்கும் பாய்லர். உமிதான் எரிபொருள். நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி, அதன் வெப்ப மதிப்பு கிலோவுக்கு சுமார் 3000 கிலோகலோரி. ஒரு டன் நெல்லில் வரும் உமி எவ்வளவு நீராவி தரும் என்று கணக்குப் போடுங்கள். சேஃப்டி வால்வு எங்கே இருக்கிறது, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் இறங்கினால் ஏன் ஆபத்து என்று அப்பாவிடம் கேளுங்கள். அனல் மின்நிலையத்துக்குப் பாய்லர் செய்யும் நிறுவனத்துக்குப் போனால், அந்த அறையில் மற்றவர்கள் படத்தில் பார்த்ததை நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்திருப்பீர்கள்.

பிற்சேர்க்கை 2

திருவெறும்பூர் பெல் மாதிரி மத்திய அரசு நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் இரண்டு பேர் ஒரே சிக்கலில் மாட்டியிருக்கிறார்கள். நம்மிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் அங்கே போதாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. நான்-கிரீமிலேயர் சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கணக்கில் சேராது, நில அளவுக்குத் தனி விதி உண்டு. எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கிய சான்றிதழ் வேண்டும் என்று அறிவிப்பில் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்ட பிறகு தாலுகா ஆபீஸுக்கு ஓடினால் நேரம் போதாது. கேட் (GATE) தேர்வு எழுதி இந்த நிறுவனங்களுக்குப் போகிறவர்கள், நிறுவனத்துக்கு விண்ணப்பம் போடும் அதே வாரத்தில் இதையும் போட்டுவிடுங்கள்.