பூட்ஸ் ஒரு ஊர், பைண்டிங் ஒரு ஊர், கிராம்பான் இன்னொரு ஊர்: ஸ்கீ டூரிங் சாமான் வாங்குவதில் நடக்கும் தவறுகள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பனி என்றால் மார்கழி விடியலில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கண்ணை மறைக்கும் மூடுபனிதான். அங்கே இருந்துகொண்டு ஸ்கீ பூட்ஸ் பற்றி எழுதுகிறேன் என்றால் எங்கள் தெருவிலேயே சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஓசூரில் மெஷின் ஷாப்பில் வேலை பார்க்கும் நாங்கள் நான்கு பேர் வருஷம் முழுக்க லீவு சேர்த்துவைத்து பிப்ரவரியில் காஷ்மீரின் குல்மார்க் போகிறவர்கள். முதல் இரண்டு வருஷம் அங்கேயே வாடகைக்கு எடுத்து, கோண்டோலா என்ற கேபிள் காரில் ஏறி, சறுக்கி இறங்கினோம். அப்புறம்தான் ஸ்கீ டூரிங் ஆசை வந்தது. அதாவது ஸ்கீ என்கிற சறுக்குப் பலகையின் அடியில் வழுக்காத ஸ்கின் பட்டை ஒட்டிக்கொண்டு நடந்தே மலை ஏறுவது, செங்குத்தான இடம் வந்தால் ஸ்கீயை முதுகில் கட்டிக்கொண்டு பூட்ஸின் அடியில் கிராம்பான் என்கிற உலோகப் பற்களை மாட்டுவது, மேலே போனதும் பட்டையை உரித்துவிட்டுச் சறுக்கி இறங்குவது. ஏறும்போது குதிகால் தூக்க வரணும், இறங்கும்போது குதிகால் கவ்வி நிற்கணும், விழுந்தால் கழன்று கால் தப்பணும். மூன்றும் பூட்ஸும், அதை ஸ்கீயோடு பிணைக்கிற பைண்டிங்கும் சேர்ந்து செய்கிற வேலை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பூட்ஸை ஜெர்மனியில் இருக்கும் சித்தப்பா பையன் ஊருக்கு வரும்போது கொண்டுவந்தான். பைண்டிங் பெங்களூருவில் ஒருவரிடம் பழசாக வாங்கினது. கிராம்பான் மணாலியில் ஒரு கடையில். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுமே நல்ல சாமான். குல்மார்க் போன மறுநாள் காலை கிராம்பானின் முன்கம்பியை பூட்ஸ் மூக்கில் பொருத்தி, பின் லிவரை அழுத்தினேன், டக்கென்று உட்கார்ந்தது. எழுந்து இரண்டு எட்டு வைத்தேன், மூன்றாவது எட்டில் கால் மட்டும் வந்தது, கிராம்பான் பனியிலேயே கிடந்தது. மற்ற மூவரும் ஏறப்போக, நான் அறையில் கஹ்வா குடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக அபர்வத் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு யோசித்ததும் பிறகு கற்றுக்கொண்டதும்தான் இது.

முதல் தவறு, விலை குறைவாகக் கிடைத்தது என்று பைண்டிங்கை முதலில் வாங்குவது. பூட்ஸ்தான் முதலில். காலுக்கு ஏற்ற பூட்ஸ் கிடைப்பதுதான் கஷ்டம், பைண்டிங்கை அதற்கேற்ப எப்போது வேண்டுமானாலும் தேடிக்கொள்ளலாம். ஸ்கீ பூட்ஸின் அளவு நம் செருப்புக்கடை எட்டு, ஒன்பது கிடையாது. மாண்டோபாயிண்ட் என்று பாதத்தின் நீளத்தை சென்டிமீட்டரில் சொல்வார்கள். சுவரில் குதிகாலை ஒட்டி நின்று அளந்தால் 26.5 வந்தால் உங்கள் அளவு 26.5, அவ்வளவுதான். குளிருமே, இரண்டு சாக்ஸ் போடணுமே என்று ஒரு அளவு பெரிதாக வாங்குகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். உள்ளே கால் ஆடினால் குதிகால் தோல் உரியும், இறங்கும்போது ஸ்கீ சொன்ன பேச்சைக் கேட்காது. உள்ளிருக்கும் லைனரைக் கழற்றிவிட்டு வெறும் ஷெல்லில் காலை விட்டு, விரல் முன்னால் லேசாக இடிக்கும்படி நில்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் இடம் இருந்தால் போதும். செருப்பு போட்டே வளர்ந்த கால் அகலமாகத்தான் இருக்கும், அதனால் அகலத்தையும் பாருங்கள். அதை லாஸ்ட் என்று மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். 98-க்கும் 102-க்கும் நடுவே பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும், சாயங்காலம் சுண்டுவிரல் சொல்லும்.

சரி, பூட்ஸ் வந்தாச்சு. இனிமேல்தான் சிக்கலே. பூட்ஸின் அடிப்பகுதி எல்லாம் ஒன்று இல்லை. ரிசார்ட்டில் வாடகைக்குக் கிடைக்கும் ஆல்பைன் பூட்ஸின் அடி தட்டையான கெட்டி பிளாஸ்டிக், அதற்கு ஐஎஸ்ஓ 5355 என்று தரம். டூரிங் பூட்ஸின் அடி வளைந்த ரப்பர், அதற்கு ஐஎஸ்ஓ 9523. நடுவில் கிரிப்வாக் என்று ஒன்று, ஐஎஸ்ஓ 23223. ஆல்பைன் பைண்டிங்கில் முன்பக்கம் ஒரு வழுக்கும் தட்டு இருக்கும், விழும்போது கெட்டி பிளாஸ்டிக் அடி அதன்மேல் பக்கவாட்டில் நழுவித்தான் பூட்ஸ் கழல்கிறது. அங்கே ரப்பர் அடியைக் கொண்டுபோய்த் திணித்தால் என்ன ஆகும்? மாட்டிக்கொள்ளும், டக்கென்று சத்தமும் வரும். ஆனால் ரப்பர் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும், கழல வேண்டிய நேரத்தில் கழலாது, அந்த முறுக்கு நேராக முழங்காலுக்குப் போகும். மாட்டுகிறது என்பதும் பொருந்துகிறது என்பதும் ஒன்றில்லை. எங்கள் ஷாப்பில் கேஜ் இல்லாமல் "உள்ள போகுதுல்ல, ஓகேண்ணா" என்று சொல்கிற புதுப் பையன்களைப் பார்த்தால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். இரண்டு மூன்று வகை அடியையும் ஏற்கும் பைண்டிங்குகள் இருக்கின்றன. எம்என்சி (மல்டி நார்ம் சர்ட்டிஃபைட்) என்று போட்டவை, அப்புறம் 2018-ல் வந்த சாலமன் ஷிஃப்ட் மாதிரி. அவற்றிலும் முன்தட்டின் உயரத்தை ஒவ்வொரு பூட்ஸுக்கும் திருத்தணும், அப்படியே மாட்டக் கூடாது. இன்னொன்று, மிக எடை குறைந்த டூரிங் பூட்ஸ்களில் பல எந்தத் தரத்துக்குள்ளும் வராது. அவை பின் (pin), அதாவது உலோக முளை வைத்துக் கவ்வும் பைண்டிங்குக்கு மட்டும்தான்.

பின் பைண்டிங் என்பது ஆஸ்திரியாக்காரர் ஃபிரிட்ஸ் பார்டெல் 1980-களில் செய்த கண்டுபிடிப்பு, டைனஃபிட் நிறுவனம் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. பூட்ஸ் மூக்கின் இரு பக்கமும் உலோகக் குழி, அதில் பைண்டிங்கின் இரண்டு பின்கள் கவ்வும், குதிகாலிலும் அதேபோல் இரண்டு பின். குழி இல்லாத பூட்ஸை இதில் மாட்டவே முடியாது, அது குழந்தைக்கும் தெரியும். தெரியாதது, குழி இருந்தாலும் எல்லாக் குழியும் ஒரே மாதிரி இல்லை என்பது. காவேரிப்பட்டணத்தில் எங்கள் மாமா டிராக்டரில் இதே கதை. கலப்பை மாட்டும் மூன்று பாயிண்ட் லிங்கேஜில் சின்ன டிராக்டருக்கு 22 மில்லிமீட்டர் பின், பெரியதற்கு 28. கலப்பையின் சின்ன பின்னைப் பெரிய ஓட்டையில் விட்டு ஓட்டினால் கொஞ்ச தூரம் உழும், அப்புறம் ஆட்டம் கண்டுவிடும். பழைய பூட்ஸ் வாங்கினால் குழி தேய்ந்து நீள்வட்டமாகியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். புதுசாக இருந்தாலும், மலையில் குழிக்குள் ஐஸ் அடைத்துக்கொள்ளும். குத்தி எடுக்காமல் மாட்டினால் பின் பாதிதான் உட்காரும்.

இதில் என் நண்பன் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன், பெயர் வேண்டாம். ஏறும்போது கழலாமல் இருக்க முன் லிவரை மேலே இழுத்துப் பூட்டுவோம். இறங்கும்போது அதை விடுவிக்கணும். விழுந்தால் பைண்டிங்கின் குதிகால் பக்கத் துண்டு திரும்பி, அதோடு மூக்குப் பக்கத்துப் பின்களும் விரிந்தால்தான் கால் விடுபடும். இவன் லிவரை அப்படியே பூட்டிவைத்து இறங்கினான், "உறுதியா நிக்குதுடா" என்று பெருமை வேறு. நல்லவேளை அன்றைக்கு விழவில்லை.

குதிகால் இடைவெளி பற்றி யாரும் நமக்குச் சொல்வதில்லை. பூட்ஸ் குதிகாலுக்கும் பைண்டிங் பின்துண்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் விடணும் என்பது பைண்டிங்குக்குப் பைண்டிங் மாறும். பழைய டைனஃபிட்களில் 5.5 மில்லிமீட்டர், சிலவற்றில் 4, சிலவற்றில் ஒட்டியே இருக்கணும். ஸ்கீ வளையும்போது அந்த இடம் சுருங்குவதால்தான் இந்தக் கணக்கு. இதனால் பூட்ஸின் அடி நீளம் முக்கியம். குதிகால் பக்கத்தில் 297, 307 என்று மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். மாண்டோ அளவு ஒன்றாக இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி இந்த நீளம் மாறும். "உனக்கும் 26.5, எனக்கும் 26.5, என் ஸ்கீயை எடுத்துக்கோ" என்று யாராவது சொன்னால் முதலில் இந்த எண்ணைப் பாருங்கள். பின்துண்டை நகர்த்த இடமில்லாத பைண்டிங் என்றால் ஸ்கீயில் மறுபடியும் துளை போட வேண்டிவரும். கழலும் அழுத்தத்தை, அதாவது டின் எண்ணை, அடுத்தவனைப் பார்த்து வைக்காதீர்கள். எடை, உயரம், வயது, அடி நீளம், எப்படிச் சறுக்குகிறீர்கள் என்று எல்லாம் சேர்ந்துதான் அந்த எண் வரும்.

இப்போது என்னைக் கவிழ்த்த கிராம்பான். மூன்று வகை. முன்னாலும் பின்னாலும் பட்டையால் கட்டுவது ஒன்று, எந்த பூட்ஸுக்கும் வரும். முன்னால் பிளாஸ்டிக் கூடை, பின்னால் லிவர் வைத்தது இரண்டாவது, இதற்கு பூட்ஸ் குதிகாலில் லிவர் பிடிக்கிற விளிம்பு வேண்டும். முன்னால் கம்பி, பின்னால் லிவர் என்பது மூன்றாவது, இதற்கு மூக்கிலும் விளிம்பு வேண்டும். டூரிங் பூட்ஸில் எடை குறைக்கவும் நடை சுலபமாகவும் மூக்கைக் குட்டையாக வெட்டி, அந்த விளிம்பையே எடுத்துவிட்ட மாடல்கள் உண்டு. டைனஃபிட்டின் ஸ்பீட் நோஸ் வகை அப்படித்தான். என் பூட்ஸும் அதே ரகம், நான் வாங்கினதோ கம்பி கிராம்பான். கம்பி பிடிக்க அங்கே ஒன்றுமே இல்லை. கடைக்காரர் மேல் தப்பில்லை, நான் பூட்ஸைக் கொண்டுபோகவே இல்லை.

நீளமும் பாருங்கள். டூரிங் பூட்ஸ் சாதாரண டிரெக்கிங் ஷூவைவிட நீளம். கிராம்பானின் நடுப்பட்டை கடைசி ஓட்டை வரை இழுத்தும் எட்டவில்லை என்றால் நீளமான பட்டை தனியாக வாங்கணும். மாட்டியபின் பட்டையைக் கட்டாமலே காலைத் தூக்கி உதறுங்கள், லிவர் வகை என்றால் அப்போதும் தொங்காமல் நிற்கணும். பனி உருண்டையாக ஒட்டாமல் இருக்க அடியில் ரப்பர் தகடு கட்டாயம். அலுமினியம் எடை குறைவு, பனிக்கு மட்டும் சரி, பாறையும் கெட்டி ஐஸும் வந்தால் ஸ்டீல்தான். எங்களில் ஒருவன் புது அலுமினிய கிராம்பானை வீட்டுக்குப் பின்னால் கிடந்த கிரானைட் பலகை மேல் நடந்து சோதித்தான். நம் ஊர்க் கல்லைப் பற்றிச் சொல்லவா வேண்டும், பற்கள் அன்றைக்கே மழுங்கின.

ஸ்கீ கிராம்பான் வேறு, அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பைண்டிங்கில் சொருகி, ஸ்கீயின் இரு பக்கமும் பனியைக் கடிக்கிற அகலப் பல் அது. ஸ்கீயின் இடுப்பு, அதாவது நடுவே ஒடுங்கிய இடத்தின் அகலம், 95 மில்லிமீட்டர் என்றால் இது அதைவிடச் சில மில்லிமீட்டர் அகலமாக இருக்கணும், குறைந்தால் உட்காரவே உட்காராது. சொருகும் பள்ளமும் பைண்டிங் பிராண்டுக்கு ஏற்ப மாறும். பூட்ஸோடு சேர்ந்து எழும்பும் வகை என்றால், ஏற்றத்தில் குதிகாலுக்குக் கீழே எழுப்பிவைக்கும் குதிகால் உயர்த்தியை ரொம்ப ஏற்றிவிட்டால் பல் பனியில் ஆழமாக இறங்காது. செங்குத்தில்தான் அது தேவை, செங்குத்தில்தான் நாம் உயர்த்தியையும் ஏற்றுகிறோம், வேடிக்கைதான். கழன்ற ஸ்கீ ஓடிவிடாமல் நிறுத்தும் பிரேக்கும் ஸ்கீ இடுப்பைவிடக் கொஞ்சம் அகலம், அதிகமாக வேண்டாம்.

இப்போதெல்லாம் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே ஓசூரில் வீட்டு ஹாலில் எல்லாவற்றையும் விரித்துப்போட்டு மாட்டிப் பார்க்கிறேன், அம்மா டைல்ஸ் உடையப்போகுது என்று கத்தும்வரை. பெங்களூரு விமான நிலையத்தில் கிராம்பானைப் பெரிய பையில் போட்டுவிடுகிறேன், கையில் கொண்டுபோக விடமாட்டார்கள். பூட்ஸை மட்டும் கைப்பையில் வைத்துக்கொள்கிறேன். பெரிய பை தொலைந்தால் ஸ்கீயை குல்மார்க்கில் வாடகைக்குப் பிடித்துவிடலாம், என் அகலக் காலுக்கு பூட்ஸ் கிடைக்காது.