குட்டி நாய்க்குப் பேதியா? இந்தத் தவறுகள் வேண்டாம்

கம்பம், கோம்பை பக்கத்திலிருந்து வண்டன்மேட்டு ஏலத் தோட்டங்களுக்கு ஜீப் ஏறுகிறவர்கள் விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள். ராத்திரி கழிந்த குட்டியை, "சாயங்காலம் வந்து பார்த்துக்கலாம்" என்று கட்டிப்போட்டுவிட்டுப் போகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இரண்டு மாதக் குட்டியின் உடம்பில் நீர் வற்ற ஒரு பகல் போதும்.

அடுத்தது, "வயிறு காயட்டும்" என்று பட்டினி போடுவது. வளர்ந்த நாய் தாங்கும். குட்டிக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கி, நடுக்கம் எடுத்து மயங்கிவிடும். வாந்தி இல்லையென்றால் குழைய வடித்த சோற்றோடு, உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்த எலும்பில்லாத கோழிக்கறியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தண்ணீரைத் தானாக நக்கிக் குடிக்க விடுங்கள். வாயைப் பிளந்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். பசும்பால் பேதியைக் கூட்டும். தாய்ப்பால் குடிக்கிற குட்டியை மட்டும் தடுக்க வேண்டாம்.

வீட்டிலிருக்கும் மாத்திரைகளைத் தொடவே கூடாது. பாராசிட்டமாலும் இபுபுரூஃபனும் நாய்க்கு விஷம். பேதியை நிறுத்தும் லோபரமைடை மருத்துவர் சொல்லாமல் கொடுப்பதும் ஆபத்து. வயிற்றுப் பூச்சி மருந்தையும் எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். சோர்ந்து கிடக்கிற குட்டிக்கு யூகத்தில் ஊற்றாதீர்கள்.

நம் ஊருக்கென்றே ஒன்று: பன்னீர் திராட்சை. அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். உதிர்ந்த பழத்தைத் தின்றிருந்தால் பேதி வரும்வரை பார்த்திருக்காதீர்கள், உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

வாந்தியும், நாற்றமடிக்கும் ரத்தப் பேதியும், தீனியைத் திரும்பிப் பார்க்காத சோர்வும் சேர்ந்தால் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். "ஒரு தடுப்பூசி போட்டாச்சு" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3-4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வார வயது வரை போட்டால்தான் காப்பு. இந்த வைரஸ் மண்ணில் பல மாதம் உயிரோடிருக்கும். ஃபினாயில் ஊற்றிக் கழுவினால் போதாது, பிளீச்சிங் கரைசல் வேண்டும். குட்டி இறந்த இடத்தில் அடுத்த குட்டியை உடனே கொண்டுவந்து விடுவது பெரும் பாவம்.

ஈறைத் தொட்டுப் பாருங்கள். வெளுத்தோ பிசுபிசுப்பாகவோ இருந்தால் தாமதிக்கக் கூடாது. கால்நடை மருத்துவமனைக்குப் போகும்போது கழிச்சலைக் கொஞ்சம் ஒரு டப்பாவில் எடுத்துப்போங்கள். தடுப்பூசி அட்டையும் கையில் இருக்கட்டும்.