ஓய்வுக்காலப் பணத்தைப் பிரிக்கும்போது செலவுக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

ஓய்வுக்கால முதலீட்டைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் "எந்த ஃபண்டு நல்லது?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. பங்கில் எவ்வளவு, அரசுக்கோ நிறுவனத்துக்கோ கடன் கொடுத்து வட்டி வாங்கும் கடன் பத்திரத்தில் எவ்வளவு, உடனே எடுக்கிற மாதிரி டெபாசிட்டில் எவ்வளவு என்ற விகிதம் முடிவாகிவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரி. அந்த விகிதத்தை உங்கள் வருடச் செலவை வைத்து முடிவு செய்யுங்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் சொல்வது. காலமெல்லாம் கணக்கு எழுதுகிற வேலையில் இருப்பவள் நான். எதையும் செலவுப் பக்கத்திலிருந்து பார்த்துத்தான் பழக்கம்.

பலரும் கேள்விப்பட்டிருக்கும் சூத்திரம் ஒன்று உண்டு: 100-லிருந்து வயதைக் கழி, வருவதைப் பங்கில் போடு. 60 வயதானால் 40 சதவீதம். ஆனால் இரண்டு பேருக்கு 60 வயது என்று வையுங்கள். ஒருவருக்குச் செலவு முழுவதையும் தாங்குகிற ஓய்வூதியம் இருக்கிறது, இன்னொருவருக்கு எதுவுமே இல்லை. இந்தச் சூத்திரம் இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்கிறது. அதனால்தான் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

என் அக்காவுக்குச் சமீபத்தில் இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தேன். அவளுடைய தாளையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் வருடச் செலவு. இதை நினைவிலிருந்து எழுதாதீர்கள். கடந்த 12 மாத வங்கிக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு கூட்டுங்கள். அக்கா மாதச் செலவைச் சொல்லி 12-ஆல் பெருக்கினாள். வங்கிக் கணக்கைப் பார்த்தால் அதில் வராத செலவு நிறைய இருந்தது: வருடத்துக்கு ஒரு தடவை கட்டும் காப்பீட்டு பிரீமியம், பல் வைத்தியம், மேல்தளத்தில் ஒழுகலை அடைத்த செலவு. பல் வைத்தியம் அடுத்த வருடம் வராது, சரி. ஆனால் அந்த இடத்தில் வேறொன்று வரும். அதனால் எல்லாவற்றையும் சேர்த்தே கூட்டினோம்.

அப்புறம் ஓய்வூதியம், வாடகை என்று நிச்சயமாக வரும் வருமானத்தைக் கழியுங்கள். அக்காவுக்குச் செலவு 100 என்றால் ஓய்வூதியம் 40. மீதி 60-ஐ அவள் சேமிப்பு தர வேண்டும். சேமிப்பு மொத்தத்தையும் இந்த 60-ஆல் வகுத்தால் கிடைப்பது, அவள் பணம் எத்தனை வருடச் செலவுக்குச் சமம் என்ற எண். அவளுக்கு 25 வந்தது. இனிமேல் பணத்தைப் பணமாக எண்ண வேண்டாம், வருடமாகவே எண்ணுங்கள். பல முடிவுகள் தானாகத் தெளிவாகும்.

25 என்ற எண்ணுக்கு ஒரு பின்னணி இருக்கிறது. 1994-இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1926 முதலான சந்தைக் கணக்குகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார். முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு ஒவ்வொரு வருடமும் விலைவாசிக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டே போனாலும், மோசமான காலத்தில் ஓய்வு பெற்றவர்களுக்குக்கூட அந்தப் பணம் 30 வருடம் தாங்கியது என்று கண்டார். 4 சதவீதம் என்பது 25-இல் ஒரு பாகம், அதாவது கையில் 25 வருடச் செலவுக்கான பணம். பங்குச் சந்தையில் 50 முதல் 75 சதவீதம் வைத்திருந்தால்தான் இது சரிவரும் என்றும் சொன்னார். இது ஒரு நாட்டின் பழைய கணக்கு, உத்தரவாதம் கிடையாது. உங்கள் எண் 25-க்கு நெருக்கமாக இருக்கிறதா, ரொம்பத் தள்ளி இருக்கிறதா என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது விகிதம். பங்கு பாதியாக விழும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களுடைய பங்கு விலையைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு 2007 அக்டோபரிலிருந்து 2009 மார்ச்சுக்குள் 57 சதவீதம் விழுந்தது. அக்கா முதலில் 70 சதவீதம் பங்கில் வைக்கலாம் என்றாள். கணக்கைப் போட்டுக் காட்டினேன்: 25 வருடத்தில் 17.5 பங்கில் இருக்கும், அது பாதியானால் மொத்தத்தில் மிஞ்சுவது 16 வருடம் சொச்சம். "அக்கா, ஒரு நாள் காலையில எழுந்து பார்த்தா ஒம்பது வருஷச் செலவைக் காணோம்னா என்ன பண்ணுவ?" என்று கேட்டேன். "மிச்சத்தையாவது காப்பாத்தணும்னு வித்துடுவேன்டி" என்றாள். அப்படி விற்பவருக்கு 70 சதவீதம் ஆகாது. சந்தை விழுவது ஆபத்து என்றால், விழுந்த இடத்தில் பயந்து விற்பது அந்த நஷ்டத்தை நிரந்தரமாக்குகிறது.

50 சதவீதத்துக்கு வந்தோம். பங்கு பாதியானாலும் மிஞ்சுவது கிட்டத்தட்ட 19 வருடம். அதைவிட அவளுக்குத் தெம்பு தந்தது வேறொரு எண்: பங்கில் இல்லாத பகுதி மட்டும் 12 வருடத்துக்கு மேல் வரும். விலைவாசி ஏறினால் அது கொஞ்சம் குறையலாம். ஆனாலும் சந்தை மீண்டு வரும்வரை பங்கைத் தொடாமல் சாப்பிட வழி இருக்கிறது என்று தெரிந்ததும் அவளுக்கு நிம்மதி. சதவீதத்தைக் கேட்டால் யாரும் தைரியமாகத்தான் பதில் சொல்வார்கள். வருடத்தில் கேளுங்கள்.

ஓய்வு பெற்ற முதல் சில வருடங்களுக்கு ஏன் இவ்வளவு கவனம் என்றால், அப்போது விழும் அடிதான் பெரியது. 25 வருடப் பணம் முழுவதும் பங்கில் இருக்கிறது, முதல் வருடச் செலவை எடுத்தவுடன் சந்தை 40 சதவீதம் விழுகிறது என்று வையுங்கள். மீதி 24, அது 14.4 ஆகிவிடும். இனி ஒவ்வொரு வருடச் செலவும் மிஞ்சியதில் 7 சதவீதம். அதிலிருந்து எழுவது மிகக் கடினம். இதே வீழ்ச்சி 30 வயதில் வந்தால் கவலையே இல்லை. மாதாமாதம் போடும் பணத்துக்கு அதிகப் பங்கு கிடைக்கும். அதனால் சம்பளம் நிலையாக வரும் இளைஞர்கள் 80, 90 சதவீதம்கூடப் பங்கில் வைக்கலாம். கமிஷனை நம்பியிருப்பவர்கள் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் சந்தை விழும் காலத்தில்தான் அவர்கள் வருமானமும் விழும். ஓய்வுக்குப் பத்து வருடம் இருக்கும்போதே வருடத்துக்குக் கொஞ்சமாகப் பங்கைக் குறைத்து வரத் தொடங்குங்கள். கடைசி வருடத்தில் ஒரேயடியாக மாற்றலாம் என்று இருக்காதீர்கள்.

அப்படியானால் பங்கே வேண்டாம் என்று போகலாமா? விலைவாசி வருடம் 5 சதவீதம் ஏறினால் 30 வருடத்தில் இன்றைய செலவு நாலு மடங்குக்கு மேல் ஆகிவிடும். வட்டியை மட்டும் நம்பினால் வரி போக அதை ஈடுகட்டுவது சிரமம். 80 வயதில் கைநீட்டும் நிலை வராமல் இருக்கத்தான் 60 வயதிலும் பங்கு தேவைப்படுகிறது.

பங்குப் பகுதிக்கு முழுச் சந்தையையும் வாங்கும் இண்டெக்ஸ் ஃபண்டு போதும். சாதாரண முதலீட்டாளர்களுக்கான முதல் இண்டெக்ஸ் ஃபண்டை ஜான் போகலின் வான்கார்டு நிறுவனம் 1976-இல் தொடங்கியது. இதன் பெரிய பலம் குறைந்த செலவு. வருடம் 7 சதவீதம் வளரும் பணம் 30 வருடத்தில் ஏழரை மடங்குக்கு மேல் ஆகும். கட்டணமாக 1 சதவீதம் போய் 6 சதவீதம் வளர்ந்தால் ஐந்தே முக்கால் மடங்குதான். கையில் வரவேண்டியதில் கால்வாசி போய்விடுகிறது. ஒரே நாட்டுச் சந்தையில் எல்லாவற்றையும் வைக்காதீர்கள். ஜப்பானின் நிக்கெய் பங்குக் குறியீடு 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில்தான். வேலை பார்க்கும் நிறுவனத்தின் பங்கிலும் ஓய்வுக்காலப் பணத்தைக் குவிக்கக் கூடாது. என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனம் 2001-இல் திவாலாவதற்கு முன், ஊழியர்களின் ஓய்வுக்கால நிதியில் பாதிக்கும் மேல் அந்த நிறுவனத்தின் பங்காகவே இருந்தது. வேலையும் போனது, சேமிப்பும் போனது.

கடன் பத்திரம் என்றால் விழவே விழாது என்று நினைப்பவர்கள் 2022-ஐப் பார்க்க வேண்டும். வட்டி விகிதம் வேகமாக ஏறியதால் அமெரிக்காவில் கடன் பத்திரச் சந்தை சுமார் 13 சதவீதம் விழுந்தது. அதே வருடம் பங்கும் விழுந்தது. பத்திரத்தின் காலம் எவ்வளவு நீளமோ அவ்வளவு அதிகமாக வட்டி அதை ஆட்டும். அதனால் முதல் இரண்டு வருடச் செலவை டெபாசிட்டில் வைத்து, மீதியைக் குறுகிய, நடுத்தரக் காலப் பத்திரங்களில் வையுங்கள். விலைவாசியோடு சேர்ந்து ஏறும் அரசுப் பத்திரம் உங்கள் நாட்டில் இருந்தால் அதற்கும் ஓர் இடம் கொடுங்கள். பிரிட்டனில் 1981-லிருந்தும் அமெரிக்காவில் 1997-லிருந்தும் அவை இருக்கின்றன.

தங்கம் 5 சதவீதம், மிஞ்சிப் போனால் 10. 1980-இல் தொட்ட அவுன்ஸுக்கு 850 டாலரைத் தாண்ட அதற்கு 2008 வரை ஆனது. விலைவாசியைக் கணக்கில் சேர்த்தால் இன்னும் மோசம்.

வருடத்துக்கு ஒரு நாள் குறித்துக்கொண்டு விகிதத்தைப் பாருங்கள். 50 இருக்க வேண்டிய பங்கு 55-க்கு மேலே போயிருந்தால் அந்த வருடச் செலவை அங்கிருந்து எடுங்கள். 45-க்குக் கீழே இருந்தால் பத்திரத்திலிருந்து எடுங்கள். பெரும்பாலும் இதிலேயே விகிதம் சரியாகிவிடும், தனியாக விற்று வாங்க வேண்டி வராது. அப்படியே விற்க நேர்ந்தாலும், வரிச் சலுகை உள்ள கணக்கு இருந்தால் விற்று வாங்குவதை முதலில் அதற்குள்ளேயே செய்து பாருங்கள். நடுவில் செய்தியைப் பார்த்துத் திறந்து பார்ப்பதை அக்கா நிறுத்திக்கொண்டாள். நானும் அப்படித்தான்.

விகிதத்தையே மாற்ற வேண்டுமானால் அதற்குக் காரணம் உங்கள் வாழ்க்கையிலிருந்து வர வேண்டும்: செலவு கூடியது, கடன் முடிந்தது, ஒருவரை இழந்தது. கடைசியாகச் சொன்னதைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. உங்களுக்குப் பின் ஓய்வூதியம் துணைவருக்குத் தொடருமா, பாதியாகுமா, நின்றுவிடுமா என்று இப்போதே விசாரியுங்கள். குறையும் என்றால், அந்தக் குறைந்த தொகையை வைத்தும் முதலிலிருந்து ஒரு தடவை கணக்குப் போட்டு, இரண்டு தாளையும் ஒரே கவரில் வைத்து, அது எங்கே இருக்கிறது என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.